ஒன்பதாம் வகுப்புக்கு முன் அறிவியல் அடிப்படை: பழைய புத்தகமா, வீடியோவா, கைடா, டியூஷனா?

ஏப்ரல் கடைசியில் ஆரம்பித்து ஜூன் முதல் வாரம் வரைக்கும் என்னிடம் வரும் பெற்றோர் கிட்டத்தட்ட ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "எட்டாவது முடிச்சிட்டான் டீச்சர். ஒன்பதாவது போகணும். அறிவியல்ல அடிப்படையே இல்ல. லீவுல எதை வாங்கிக் கொடுத்தா தேறுவான்?" சிலர் கையில் விடுமுறை வகுப்பு நோட்டீஸ் இருக்கும். சிலர் ஏதாவது ஒரு ஆப்பின் விலையை விசாரித்துவிட்டு வந்திருப்பார்கள். பதினோரு வருடமாக மாலை நேரத்தில் வீட்டுத் திண்ணையில் ஆறாவதிலிருந்து பத்தாவது வரை உள்ள பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். இவர்கள் கேட்கும் எல்லா வழிகளையும் பிள்ளைகளிடம் பார்த்தாகிவிட்டது, என் மகளையும் சேர்த்து. எது எவ்வளவு தூரம் உதவியது என்பதை அப்படியே எழுதுகிறேன்.

வழியைப் பார்ப்பதற்கு முன்னால் சிக்கல் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். போன மே மாதம் ஒரு பையன் வந்தான். எட்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண். ஆவி சுருங்குதல் என்றால் என்ன என்று கேட்டேன். "வாயு நிலையில் உள்ள பொருள் குளிர்ந்து திரவ நிலைக்கு மாறும் நிகழ்வு" என்று மூச்சுவிடாமல் சொன்னான். ஓர் எழுத்து பிசகவில்லை. வெயில் நேரம், ஐஸ் போட்டு எவர்சில்வர் டம்ளரில் மோர் கொடுத்திருந்தேன். பேசிக்கொண்டிருக்கும்போதே டம்ளரின் வெளிப்பக்கம் முத்து முத்தாக வியர்த்துவிட்டது. "இந்தத் தண்ணி எங்கேருந்துடா வந்துச்சு?" என்றேன். டம்ளரைத் தூக்கி அடியைப் பார்த்தான். விளிம்பைத் தடவினான். "கசியுது டீச்சர்" என்றான்.

"கசிஞ்சா மோருதானே கசியணும்? வெளிய இருக்கிறது வெள்ளையாவா இருக்கு?"

விரலால் ஒரு துளியைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான். புளிப்பும் இல்லை, உப்பும் இல்லை. அதன்பிறகு கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். சட்டென்று, "காத்துல இருந்தா?" என்று கேட்டான். அவனுக்கு வரையறை தெரியும், டம்ளர் வியர்ப்பதைத் தினம் பார்த்திருக்கிறான், இரண்டும் ஒன்று என்று மட்டும் யாரும் காட்டவில்லை. நடுநிலை வகுப்பு அறிவியலில் அடிப்படை இல்லை என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தைத் திறந்தால் இது ஏன் முக்கியம் என்று தெரியும். அளவீடு, இயக்கம், பாய்மங்கள் என்று தொடக்கத்திலேயே வரிசையாக வருகின்றன. தூரத்துக்கும் இடப்பெயர்ச்சிக்கும், வேகத்துக்கும் திசைவேகத்துக்கும் வித்தியாசம் தெரியாத பிள்ளை, இயக்கச் சமன்பாடுகளை மனப்பாடம் செய்யலாம், கணக்குப் போட முடியாது. அடர்த்தியும் அழுத்தமும் புரியாமல் பாய்மங்கள் நகராது. ஏழாம் வகுப்பு அணு அமைப்பை விட்டவனுக்கு வேதிப்பிணைப்பு பாடம் முழுவதும் இருட்டு.

அதிலும் ஜோடியாக வரும் சொற்கள்தான் பிள்ளைகளை அதிகம் கவிழ்ப்பவை. நிறையும் எடையும். வெப்பமும் வெப்பநிலையும். சேர்மமும் கலவையும். மூச்சுவிடுதலும் சுவாசமும். ஆற்றலும் திறனும். வீட்டில் நாம் பேசுகிற அர்த்தம் வேறு, புத்தகத்தின் அர்த்தம் வேறு. மளிகைக் கடையில் ஒரு கிலோ உப்பு வாங்கிவிட்டு எடை சரியாக இருக்கிறதா என்று கேட்கிறோம். புத்தகக் கணக்கில் அந்த ஒரு கிலோ என்பது நிறை. அதை நிலாவுக்குக் கொண்டுபோனாலும் ஒரு கிலோதான். எடை என்பது பூமி அதை இழுக்கும் விசை, சுமார் 9.8 நியூட்டன். நிலாவில் அதில் ஆறில் ஒரு பங்கு. பிள்ளை தவறாகச் சொல்கிறான் என்றால் அவன் மந்தம் என்று அர்த்தமில்லை, தெருவில் கேட்டதைச் சொல்கிறான், அவ்வளவுதான்.

ஆங்கில வழிப் பிள்ளைகளுக்கு இதே தொல்லை வேறு ரூபத்தில் வருகிறது. டிஷ்யூ என்றால் கை துடைக்கும் காகிதம், செல் என்றால் போன், மேட்டர் என்றால் விஷயம், சொல்யூஷன் என்றால் விடை. சுவரை அரை மணி நேரம் தள்ளி வியர்த்துப்போனாலும், சுவர் நகராவிட்டால் இயற்பியலில் செய்த வேலை சுழி என்று சொன்னால் சண்டைக்கு வருவார்கள்.

சரி, இப்போது வழிகளுக்கு வருவோம்.

பழைய பாடப்புத்தகத்தை நான் முதலில் வைக்கிறேன். 2018-19 கல்வியாண்டில் தொடங்கி வகுப்பு வகுப்பாக மாறிய புதிய பாடத்திட்டப் புத்தகங்களில் செயல்பாடுகள், படங்கள், ஸ்கேன் செய்து வீடியோ பார்க்க கியூஆர் கோடு எல்லாம் இருக்கின்றன. ஆறு, ஏழு புத்தகங்களைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டவர்கள் கவலைப்பட வேண்டாம். தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். தேர்வில் எந்தச் சொல் வருமோ அதே சொல் அதில் இருக்கிறது என்பதுதான் பெரிய வசதி.

ஆனால் புத்தகத்தைக் கொடுத்து "திரும்பப் படி" என்று உட்காரவைத்தால் ஒன்றும் நடக்காது. ஏற்கெனவே படித்த பக்கம் என்பதால் எல்லாமே தெரிந்த மாதிரி இருக்கும். அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் 2006-இல் வெளியிட்ட ஓர் ஆய்வை நான் பெற்றோரிடம் அடிக்கடி சொல்வேன். அறிவியல் பத்தி ஒன்றைக் கல்லூரி மாணவர்களிடம் கொடுத்தார்கள். ஒரு குழு நான்கு தடவையும் படித்தது. இன்னொரு குழு ஒரு தடவை படித்துவிட்டு, மூன்று தடவை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது படித்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, படித்துக்கொண்டே இருந்தவர்கள் சுமார் 40 சதவீதம் சொன்னார்கள். எழுதிப் பார்த்தவர்கள் 61 சதவீதம்.

ஆகவே புத்தகத்தைப் பின்னாலிருந்து திறக்கச் சொல்வேன். முதலில் பயிற்சி வினா. தெரிந்ததைப் பென்சிலில் எழுது, தெரியாததற்கு வட்டம் போடு. வட்டம் போட்டதை மட்டும் பாடத்துக்குள் போய்த் தேடு. ஒரு பாடத்துக்கு நாற்பது நிமிடம் போதும். வகுப்பு வரிசையில் போகாமல் தலைப்பு வரிசையில் போவதும் முக்கியம். விசை என்றால் ஆறு, ஏழு, எட்டு மூன்றையும் ஒரே நாளில் விரித்து வைத்துக்கொண்டு பார்த்தால், ஒரே கருத்து மூன்று வருடத்தில் எப்படி வளர்ந்தது என்று பிள்ளைக்கே தெரியும். தனியாக உட்கார்ந்து செய்ய முடியாத பிள்ளைக்குப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தாக வேண்டும். புத்தகத்தின் குறை அது ஒன்றுதான்.

கைடு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விடை தயாராக இருக்கும் இடத்தில் பிள்ளை யோசிக்காது. அடிப்படையைச் சரிசெய்ய வேண்டியவனுக்குக் கைடு வாங்கித் தருவது, கணக்குத் தெரியாதவனுக்குக் கால்குலேட்டர் வாங்கித் தருவது மாதிரி. ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. உங்கள் பிள்ளை இப்போதுதான் எட்டாம் வகுப்புக்குப் போகிறது, அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ படிக்கிறது என்றால் என்எம்எம்எஸ் தேர்வு இருக்கிறது. தேர்ச்சி பெற்றுப் பட்டியலில் வந்தால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை. அதில் பாடப்பகுதியின் 90 கேள்விகளில் 35 அறிவியலிலிருந்து வருகின்றன, எல்லாமே சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை. அதற்கு வினாத் தொகுப்புப் புத்தகம் பயன்படும். அதுவும் பாடத்தை ஒரு சுற்று முடித்த பிறகு.

வீடியோவில்தான் இன்றைக்குப் பிள்ளைகளின் நேரம் அதிகம் போகிறது. கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டில் தொடங்கியது. அதன் பாடங்கள் யூடியூபிலும் இருக்கின்றன. தனியார் சேனல்களுக்கோ கணக்கே இல்லை. கண்ணால் பார்க்க முடியாததைக் காட்ட வீடியோவை விட்டால் வேறு வழி கிடையாது. இதயத்தின் நான்கு அறைகளில் ரத்தம் எப்படிச் சுற்றுகிறது, பிறைகள் ஏன் மாறுகின்றன, திண்மத்தில் துகள்கள் எப்படி நெருக்கி நிற்கின்றன என்பதையெல்லாம் கரும்பலகையில் நான் எத்தனை முறை வரைந்தாலும் மூன்று நிமிட அசையும் படத்துக்கு ஈடாகாது.

ஆனால் முப்பது நிமிடம் வீடியோ பார்த்த பிள்ளையிடம் "என்ன பார்த்தே?" என்று கேட்டுப் பாருங்கள். "நல்லா இருந்துச்சு" என்று பதில் வரும். மேலே சொன்ன ஆய்வுதான் இங்கேயும். பார்ப்பது படிப்பதைவிட இன்னும் சொகுசு. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை நிறுத்தி, பார்த்ததை வாயால் சொல்லவைக்க ஆள் இருந்தால் மட்டும் வீடியோவை நம்பலாம்.

இன்னொரு எச்சரிக்கை, இதை நான் பட்ட பிறகுதான் கவனித்தேன். யூடியூபில் தமிழ் அறிவியல் என்று தேடினால் இலங்கை ஆசிரியர்களின் வீடியோக்களும் வரும். மிகத் தெளிவாகவும் நல்ல தமிழிலும் சொல்லிக்கொடுப்பார்கள். ஆனால் கலைச்சொல் வேறு. நாம் நிறை என்பதை அவர்கள் திணிவு என்கிறார்கள். நாம் எடை என்பது அவர்களுக்கு நிறை! என்னிடம் படித்த ஒரு பெண், நிறையின் அலகு நியூட்டன் என்று எழுதிவிட்டு, வீடியோவில் அப்படித்தான் சொன்னார்கள் என்று அழுதாள். அவள் கேட்டது சரி, அவர்கள் சொன்னதும் சரி. அங்கே முடுக்கம் ஆர்முடுகல், செல் கலம், திசு இழையம். பெரிய வகுப்புக்குப் போனபிறகு இரண்டையும் தெரிந்துகொள்வது அழகான விஷயம். நிறை, எடையே குழம்பிக் கிடக்கும் பதின்மூன்று வயதில் வேண்டாம். வீடியோவைத் தொடங்கும் முன்னால் எந்தப் பாடத்திட்டம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வீடியோவை விட நான் விரும்புவது ஃபெட் என்ற இலவச மாதிரிச் செயலிகள். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில், நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் தொடங்கியது. மின்சுற்றுப் பகுதியில் பிள்ளையே பேட்டரி, பல்பு, கம்பிகளை இழுத்து மாட்டலாம். மாட்டினால்தான் எரியும். ஒரு பல்பைக் கூடுதலாகத் தொடரில் சேர்த்தால் வெளிச்சம் ஏன் குறைகிறது என்பது அவனே கேட்கும் கேள்வியாகிவிடும்.

காசு கொடுத்து வாங்கும் ஆப் பற்றி என் சொந்த அனுபவம் ஒன்று. மகள் ஏழாவது படிக்கும்போது ஒரு நிறுவனத்தின் வருடச் சந்தாவை எடுத்தோம். வீட்டுக்கு வந்த விற்பனை ஆள் பேசிய பேச்சில் நானே, ஒரு ஆசிரியையாக இருந்தும், கையெழுத்துப் போட்டுவிட்டேன். மூன்றாவது மாதத்துக்குப் பிறகு அவள் அதைத் திறக்கவே இல்லை. பணத்தைத் திரும்பக் கேட்டு நான் போன் செய்ததுதான் மிச்சம். அந்தப் பணத்தில் மூன்று வருடத்துக்கு அறிவியல் இதழ் வாங்கிக் கொடுத்திருக்கலாம் என்று இன்றைக்கும் வயிறெரிகிறது. பாடம் தரமாகத்தான் இருந்தது. ஆனால் அவளுக்கு எது தெரியவில்லை என்று கேட்க அதற்குள் ஆள் இல்லை.

டியூஷன் பற்றி நான் சொன்னால் சொந்தக் கடைக்கு விளம்பரம் மாதிரி ஆகிவிடும், அதனால் நேராகவே சொல்கிறேன். விடுமுறை வகுப்பு என்று நடத்தும் பல இடங்களில் பழைய பாடத்தைத் தொடுவதே இல்லை, ஒன்பதாம் வகுப்புப் பாடத்தை முன்கூட்டியே ஓட்டுகிறார்கள். அஸ்திவாரம் இல்லாத பிள்ளைக்கு அது இன்னும் ஒரு தளம் ஏற்றுவது. சேர்ப்பதற்கு முன், "ஏழாம் வகுப்பு அணு அமைப்பு நடத்துவீர்களா?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதில் இழுபறியாக இருந்தால் வந்துவிடுங்கள். நாற்பது பேரை உட்காரவைத்து நடத்தும் வகுப்பில் உங்கள் பிள்ளை "கசியுது டீச்சர்" என்று வாய்விட்டுச் சொல்லப்போவதில்லை. ஐந்தாறு பேருக்கு மேல் போகாத இடம், பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகும் வீடு, இந்த இரண்டும் சேர்ந்தால் டியூஷன் சரியான முடிவு. அப்புறம், எட்டாவது முடித்தும் எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளை என்றால் அறிவியலைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு முதலில் வாசிப்பைப் பாருங்கள். அறிவியல் வினாவையே வாசிக்க முடியாதவனிடம் விடையை எதிர்பார்ப்பது பாவம்.

கடைசியாக, நான் என் மகளுக்கும் அந்த மோர்ப் பையனுக்கும் செய்தது. சொல் அட்டையும் அடுப்படியும்.

அட்டைக்குக் கடைக்குப் போக வேண்டாம். வீட்டில் குவிந்து கிடக்கும் கல்யாணப் பத்திரிகைகளை வெட்டினால் போதும், பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். முன்பக்கம் சொல். பின்பக்கம் மூன்று விஷயம்: பிள்ளையின் சொந்த வார்த்தையில் பொருள், வீட்டிலோ தெருவிலோ பார்த்த ஓர் உதாரணம், எந்தச் சொல்லோடு குழம்பும் என்ற குறிப்பு. புத்தக வரையறையை அப்படியே எழுத நான் விடுவதில்லை. ஆங்கில வழிப் பிள்ளை என்றால் தமிழ்ச் சொல்லையும், தமிழ் வழிப் பிள்ளை என்றால் ஆங்கிலச் சொல்லையும் ஓரத்தில் எழுதிக்கொள்ளலாம். பதினொன்றாவதில் வழி மாறும் பிள்ளைகளுக்கு இது பெரிய உதவி. அந்தப் பையன் ஆவி சுருங்குதல் அட்டையில், "மோர் டம்ளர் வியர்ப்பது. வெளியே இருப்பது மோர் இல்லை" என்று எழுதினான். தேர்வில் அப்படி எழுத முடியாது, தெரியும். புத்தக வரையறை அவனுக்கு முன்பே வரும், இப்போது அதற்குள் ஒரு டம்ளர் இருக்கிறது.

அட்டைகளைத் திருப்பிப் பார்க்க மூன்று இனிப்புப் பெட்டிகள். புதிய அட்டை முதல் பெட்டியில், தினமும் பார்க்க வேண்டும். சரியாகச் சொன்னால் இரண்டாவது பெட்டிக்குப் போகும், மூன்று நாளைக்கு ஒரு முறை. அதிலும் சரியென்றால் மூன்றாவது, வாரம் ஒரு முறை. தப்பானால் எந்தப் பெட்டியில் இருந்தாலும் முதல் பெட்டிக்கே திரும்பும். இந்த முறையைப் பரப்பியவர் செபாஸ்டியன் லைட்னர் என்ற பத்திரிகையாளர், 1972-இல். அவர் ஐந்து அறை வைத்தார். நம் வீட்டுக்கு மூன்று போதும். ஆறு, ஏழு, எட்டுப் புத்தகங்களில் ஒன்பதாம் வகுப்புக்கு உண்மையில் தேவைப்படும் சொற்கள் என் கணக்கில் நூற்றைம்பதுக்குள் அடங்கும். நாளைக்கு ஐந்து என்றால் ஒரு மாதம்.

அடுப்படியில் செய்வது எல்லாச் சொல்லுக்கும் முடியாது, தேவையும் இல்லை. ஆனால் சில சொற்களுக்கு அதை விட்டால் வேறு எதுவும் ஒட்டாது. உலர்திராட்சையை ராத்திரி தண்ணீரில் போட்டுக் காலையில் எடுத்தால் உப்பி நிற்கும், சவ்வூடு பரவல். அதையே கெட்டியான சர்க்கரைப் பாகில் போட்டால் மறுபடி சுருங்கும். சாதாரணத் தண்ணீரில் மூழ்கும் முட்டை, உப்பைக் கரைத்துக்கொண்டே போனால் மேலே வரும், அடர்த்தி. மஞ்சள் தடவிக் காயவைத்த காகிதத்தில் சோப்புத் தண்ணீர் பட்டால் சிவக்கும், எலுமிச்சைச் சாறு பட்டால் மஞ்சளாகவே இருக்கும், காரமும் அமிலமும் நிறங்காட்டியும் ஒரே மேசையில். கறிபட்ட வேட்டியில் சோப்புப் போட்டதும் மஞ்சள் கறை ஏன் சிவந்தது, அதற்காக அம்மாவிடம் ஏன் திட்டு வாங்கினோம் என்பது அன்றைக்குத்தான் விளங்கும். அலமாரியில் போட்ட பாச்சை உருண்டை மாதக்கணக்கில் தேய்ந்து காணாமல் போவது பதங்கமாதல். இன்னும் செய்ய ஆசைப்படும் பிள்ளைக்கு அரவிந்த் குப்தாவின் இணையதளத்தைக் காட்டுங்கள். குப்பையிலிருந்து அறிவியல் பொம்மைகள் செய்வதில் வாழ்நாளைச் செலவிட்டவர், 2018-இல் பத்மஸ்ரீ பெற்றவர். ஸ்ட்ரா, தீக்குச்சி, பழைய சைக்கிள் டியூப் இவ்வளவுதான் அவருடைய ஆய்வகம்.

இதன் குறையையும் சொல்லிவிடுகிறேன். நேரம் பிடிக்கும், வீடு அசிங்கமாகும், முதல் வாரம் முடிந்ததும் அட்டை எழுதப் பிள்ளை சலித்துக்கொள்ளும். அந்த இரண்டாவது வாரத்தில் கூட உட்கார யாராவது இருக்க வேண்டும். தாத்தா பாட்டியே போதும். அறிவியல் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை, அட்டையைப் பிடித்துக்கொண்டு "சொல்லு" என்று கேட்கத் தெரிந்தால் சரி. என் மகளுக்குக் கேட்டது நான்காவது வரை படித்த என் மாமியார். "எனக்குப் புரியுற மாதிரி சொல்லு" என்று அவர் விடாமல் கேட்டதில்தான் அவள் வெப்பத்தையும் வெப்பநிலையையும் பிரித்துச் சொல்லக் கற்றாள். ஒரு டம்ளர் கொதிக்கிற தண்ணீரும் ஓர் அண்டா கொதிக்கிற தண்ணீரும் ஒரே வெப்பநிலைதான் பாட்டி, ஆனா அண்டாவுக்கு எவ்வளவு விறகு செலவாச்சு பாரு, என்றாள்.

ஆகவே என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் முடிவு இது. நாற்பது நாள் விடுமுறை இருக்கிறது, வீட்டில் ஒருவர் தினம் ஒரு மணி நேரம் தர முடியும் என்றால் புத்தகமும் அட்டையும், வாரம் இரண்டு நாள் அடுப்படி. வீடியோ, வட்டம் போட்ட கேள்விக்கு மட்டும், அதுவும் கண்ணால் பார்க்க முடியாத தலைப்புக்கு. வீட்டில் ஆள் இல்லை என்றால் சின்ன டியூஷன், ஆனால் அட்டைப் பெட்டி வீட்டிலேயே இருக்கட்டும். ஜூன் பிறந்துவிட்டது, பத்து நாள்தான் மிச்சம் என்றால் எல்லாவற்றையும் தொட வேண்டாம். இயக்கம், அணு அமைப்பு, பருப்பொருளின் நிலைகள், அடர்த்தியும் அழுத்தமும், இந்த நான்கு போதும். உயிரியலைப் பள்ளி திறந்த பிறகு கூடவே பார்த்துக்கொள்ளலாம், அது அவ்வளவாக முந்தைய வருடத்தைப் பிடித்துத் தொங்காது. முதல் நாளில் பத்து அட்டைக்கு மேல் எழுதவைக்காதீர்கள். நிறையிலும் எடையிலும் ஆரம்பியுங்கள், உப்பு பாக்கெட் எப்படியும் வீட்டில் இருக்கும்.